சவரப் பிளேடும் சுதேசிக் கணக்கும்

எத்தனையோ பெரிய பிரச்னைகள் விவாதத்திற்குக் காத்திருக்க, சவரப் பிளேடைப் பற்றித் தலையங்கம் எழுத வந்தோமென்றால் நேயர்களிற் சிலர் புன்னகை செய்யக்கூடும். அலுப்பூட்டும் பேச்சைப் 'பிளேடு போடுவது' என்று நம்மூர் இளைஞர்கள் சொல்லுகிறார்கள். அந்தப் பழி நமக்கு வந்து சேராதபடி எழுத முயல்வோம். ஆனால் விஷயமே அற்பமானது என்ற ஆட்சேபத்தை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. 1930-ஆம் வருஷத்தில் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியம் வரை நடந்து சென்றது உப்பிற்காகத்தான். ஏழையும் செல்வனும் ஒருங்கே தொட்டுத் தீரவேண்டிய பொருள் எதுவோ, அதன் விலையிலும் தரத்திலும்தான் வியாபார நீதி முதலில் சோதிக்கப்படுகிறது. சவரப் பிளேடு அத்தகைய பொருள்.

விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிச் சாலைகளிலுள்ள பெட்டிக் கடைகளிலும் பிளேடு வாங்குவோரை நாம் கவனித்திருக்கிறோம். ஒரு சாரார் தகப்பனார் கேட்ட பெயரையே தாமும் கேட்கிறார்கள். மற்றொரு சாரார், "இருப்பதில் மலிவானதைக் கொடுங்கள்" என்கிறார்கள். மூன்றாவது சாரார் சினிமா நடிகரின் வழுவழுப்பான முகத்தை விளம்பரத்திற் கண்டு, ஐந்து அலகு சேர்த்துக் கட்டிய புதுமைப் பொருளை வாங்கிப் போகிறார்கள். வழக்கம், மலிவு, விளம்பரம் ஆகிய இம்மூன்றும் நல்ல சாட்சிகள் அல்ல. வழக்கைத் தீர்க்கவல்ல சாட்சி வாங்குபவனுடைய முகமும் அவன் எழுதிவைக்கும் கணக்குமேயாகும். இதுவே இன்று நாம் சொல்ல விரும்புவது.

முதலில் இப்பொருளின் சரித்திரத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். கிங் காம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர் 1901-இல் பாஸ்டன் நகரில் ஒரு கம்பெனியை ஸ்தாபித்தார். மெல்லிய எஃகுத் தகட்டில் கூர் ஏற்றும் முறையை நிக்கர்ஸன் என்ற எந்திர நிபுணர் கண்டுபிடித்துக் கொடுத்தார். 1903-இல் விற்றவை 51 ரேஸர்களும் 168 பிளேடுகளுமே. 1904-இல் காப்புரிமை கிடைத்தது. முதல் உலக யுத்தத்தில், 1918-இல், அமெரிக்க சர்க்கார் தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேஸர்களும் 3 கோடியே 60 லட்சம் பிளேடுகளும் வாங்கிற்று. சாணை பிடித்துத் தோல் வாரில் தீட்டிய பழைய சவரக் கத்தியின் ஆட்சி அத்துடன் ஆட்டங்கண்டது.

சட்டம் படித்தவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது. ரேஸரை இனாமாகக் கொடுத்துப் பிளேடில் லாபம் பார்த்தவர் ஜில்லெட் என்று ஒரு கதை உலவுகிறது. உண்மை அதுவன்று. காப்புரிமை இருந்தவரையில் அவர் ரேஸரை 5 டாலர் என்ற உயர்ந்த விலைக்கே விற்றார். 1921-இல் காப்புரிமை காலாவதியாயிற்று. அதன்பின் எவரும் அந்த ரேஸருக்குப் பொருந்தும் பிளேடு செய்யலாமென்றாயிற்று. கெய்ஸ்மன் என்பவரின் கம்பெனி அவ்வாறே தன் பிளேடைச் செய்தது; வழக்கு நடந்தது; முடிவில் 1930-இல் இரு கம்பெனிகளும் ஒன்றாயின. இந்தப் போட்டியில் உலகத்திற்குக் கிடைத்த லாபம் ஒன்று உண்டு. இன்று எந்த நாட்டில் செய்த இருமுகப் பிளேடும் எந்த நாட்டில் செய்த ரேஸரிலும் பொருந்தும். கொல்கத்தாப் பிளேடை ஜெர்மானிய ரேஸரில் மாட்டலாம். ஜப்பானியப் பிளேடை நம்மூர் ரேஸரில் மாட்டலாம். பிடிக்காத கம்பெனியை விட்டு மறுநாளே வேறு கம்பெனிக்குப் போகும் சுதந்திரம் வாங்குபவனுடைய கையில் இருக்கிறது. இந்தச் சுதந்திரத்தின் மதிப்பைப் பின்னர் ரூபாய்க் கணக்கிலேயே காட்டுவோம்.

தரத்தின் விஷயமாக இரண்டொரு உண்மைகளை அறிதல் அவசியம். பிளேடின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பழைய பிளேடுகள் கார்பன் எஃகால் ஆனவை. எளிதில் கூர் ஏற்கும், எளிதில் துருவும் பிடிக்கும். 1962-இல் வாள் செய்து பெயர் பெற்ற வில்கின்ஸன் ஸ்வோர்டு என்ற ஆங்கிலக் கம்பெனி, மேற்பூச்சுடன் கூடிய துருப்பிடிக்காத எஃகுப் பிளேடை வெளியிட்டது. முந்தியவற்றைவிட அது பல சவரங்கள் அதிகம் உழைத்தது. உலகச் சந்தையை ஆண்டுகொண்டிருந்த ஜில்லெட் கம்பெனியும் மறு வருஷமே அதைப் பின்பற்ற நேர்ந்தது. போட்டியில்லாத இடத்தில் நீண்ட நாள் உழைக்கும் சரக்கைச் செய்ய வியாபாரி அவசரப்படமாட்டான் என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. பின்னர் பிளாட்டினம், குரோமியம் ஆகியவற்றின் பூச்சும், வழுக்கலுக்காக டெஃப்லான் பூச்சும் வந்தன.

நம் தேசத்தின் கதையும் இதையே வேறு விதமாகச் சொல்லுகிறது. சுதந்திரத்திற்குப் பின் கொல்கத்தாவின் ஹர்பன்ஸ்லால் மல்ஹோத்ரா கம்பெனியாரும், மும்பையின் வித்யுத் மெட்டாலிக்ஸ் கம்பெனியாரும் பிளேடுத் தொழிலை இங்கே வேரூன்றச் செய்தார்கள். முன்னவரின் டோபாஸும் பின்னவரின் சூப்பர்-மாக்ஸும் கடல் கடந்து விலைபோயின. இது நாம் பெருமைப்படத்தக்க காரியம். ஆயினும் 1980-களில்கூட நம்முடைய கடைகளில் கார்பன் எஃகுப் பிளேடே மலிந்திருந்தது. மழுங்கிய பிளேடைக் கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் வைத்துத் தேய்த்து இன்னும் இரண்டு நாள் ஓட்டிய பெரியவர்களை நாம் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம். அது சிக்கனம் என்று அன்று எண்ணினோம். நல்ல சரக்குக் கிடைக்காத குறையைத் தம் கன்னத்தால் ஈடுசெய்தார்கள் என்று இன்று தெரிகிறது. 1984-இல் ஜில்லெட்டின் கூட்டுறவுடன் இந்தியன் ஷேவிங் பிராடக்ட்ஸ் என்ற கம்பெனி தோன்றி, செவன் ஓ கிளாக் போன்ற பிளேடுகளுடன் சந்தைக்கு வந்தபின் உள்நாட்டுச் சரக்கும் தன் தரத்தை உயர்த்தவேண்டியதாயிற்று.

இவ்வளவு கடினமான எஃகு மிருதுவான மயிரால் ஏன் மழுங்குகிறது என்ற கேள்விக்கும் விடை கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் அதை வெளியிட்டார்கள். எஃகு மயிரைக் காட்டிலும் ஏறக்குறைய ஐம்பது மடங்கு கடினமானது. அவர்களில் ஒருவர் தாமே சவரம் செய்துகொண்டு, ஒவ்வொரு தடவையும் பிளேடின் விளிம்பை எலெக்ட்ரான் உருப்பெருக்கியில் பார்த்தார். விளிம்பு சீராகத் தேய்ந்து போகவில்லை. எஃகின் அமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில், மயிர் வளைந்து ஒரு கோணத்தில் மோதும்போது, விளிம்பு நுண்ணிய சில்லுகளாகப் பெயர்ந்தது. ஆகவே பிளேடின் ஆயுள் எஃகின் சீரான அமைப்பைப் பொறுத்தது என்பது விளங்குகிறது. பொட்டலத்தின் பளபளப்பு இதில் ஒன்றும் செய்வதற்கில்லை.

இங்கே உபயோகிப்பவனின் பங்கும் உண்டு. நனைந்த மயிரை அறுக்கக் குறைந்த பலமே போதும். ஆகையால் இரண்டு மூன்று நிமிஷம் முகத்தை நன்றாக நனைய விட்டபின் சோப்பு நுரை பூசுவது உசிதம். மதுரையில் இதற்கு ஓர் இடையூறு உண்டு. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரையில்லாத முகத்தில் நல்ல பிளேடும் கெட்ட பெயர் வாங்கும். குழாயில் வரும் வைகைத் தண்ணீரில் ஒரு செம்பு இதற்கென்று எடுத்து வைப்பது வீண் செலவாகாது. உபயோகித்த பிளேடைத் துணியால் அழுத்தித் துடைப்பதும் தவறு. விளிம்பின் பூச்சு அதனால் கெடும். அலசி, உதறி, உலர விட்டாற் போதும்.

பிறருக்குச் சொல்லுமுன் நாமே செய்து பார்ப்பது முறையல்லவா? ஒரே ரேஸர், ஒரே சோப்பு, ஒரே தண்ணீர் என்று வைத்துக்கொண்டு நான்கு வகைப் பிளேடுகளைச் சோதித்தோம். ஒரு வகைக்கு நான்கு பிளேடு வீதம் உபயோகித்தோம்; தனிப் பிளேடு ஒன்று மோசமாயிருந்தால் அதற்காக ஜாதி முழுவதையும் தண்டிப்பது நியாயமன்று. மயிரை வெட்டாமல் இழுக்கத் தொடங்கிய நாளில் பிளேடை எறிந்துவிட்டு எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டோம். கம்பெனிகளின் பெயரை வெளியிட மாட்டோம். ஒருவருக்கு இனாம் விளம்பரமும் மற்றொருவருக்கு அவதூறும் செய்வது பத்திரிகையின் வேலையன்று. அன்றியும் நம் தாடிக்கு ஒத்தது நேயரின் தாடிக்கு ஒத்துக்கொள்ளும் என்ற நிச்சயமுமில்லை.

ஒரு ரூபாய்க்கு வாங்கிய கார்பன் எஃகுப் பிளேடு முதல் நாள் நன்றாகவே வெட்டிற்று. இரண்டாம் நாள் தடுமாறிற்று. மூன்றாம் நாள் அதன்மேல் துருப்புள்ளி கண்டு கைவிட்டோம். இரண்டு ரூபாய்த் துருப்பிடிக்காத பிளேடு நான்கு சவரம் வரையில் ஒரே சீராக உழைத்தது. நான்கு ரூபாய்க்கு வாங்கிய பிளாட்டினப் பூச்சுள்ள பிளேடு ஆறு சவரம் தந்தது. இருபது ரூபாய் கொடுத்து வாங்கிய அந்நியச் சரக்கு முதலிரண்டு நாளும் பட்டுப்போல் வழுக்கிச் சென்றது. ஆனால் கொஞ்சம் கவனம் பிசகினால் தாடையைக் கீறிற்று. நான்கு சவரத்துடன் அதுவும் ஓய்ந்தது.

இப்பொழுது விலையைச் சவரங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்போம். முதலாவது 50 காசு. இரண்டாவதும் அதே 50 காசு. மூன்றாவது ஏறக்குறைய 67 காசு. நான்காவது 5 ரூபாய். மலிவென்று எண்ணிய ஒரு ரூபாய்ப் பிளேடும் அதற்கு இரட்டை விலையுள்ள பிளேடும் கணக்கில் ஒன்றாகிவிட்டன. முகத்திற்குச் சுகம் இரண்டாவதில்தான் இருந்தது. மூன்றாவதற்குச் சவரம் ஒன்றுக்கு 17 காசு அதிகம் ஆகிறது. மென்மையான தோலுடையவர்கள் அதைத் தாராளமாகச் செலவிடலாம். நான்காவது பிரியத்திற்காக வாங்குவது. அதை ஊதாரித்தனம் என்று நாம் பழிக்கவில்லை, லாபம் என்று யாரும் சொல்லவேண்டாம் என்பதே நம் கட்சி.

சோதனையிற் சேராத ஐந்தாவது அனுபவம் ஒன்றும் நேர்ந்தது. இரண்டாவது பிளேடின் அதே பெயரும் அதே உறையும் கொண்ட பொட்டலத்தை ஒரு நடைபாதைக் கடையில் பாதி விலைக்கு வாங்கினோம். ஒரு பிளேடு வெட்டிற்று. அடுத்தது முகத்தைப் பிறாண்டிற்று. உறையை ஒப்பிட்டுப் பார்த்தபோது அச்சு மங்கலாயிருந்தது. உற்பத்தி மாதமும் இல்லை. பொட்டலத்தின்மேல் செய்தவர் பெயர், அதிகபட்ச விலை, உற்பத்தி மாதம், வருஷம் ஆகியவை இருக்கவேண்டுமென்று 2011-ஆம் வருஷத்துச் சட்ட அளவியல் விதிகள் விதிக்கின்றன. அவற்றைப் படிக்காமற் காசு கொடுத்தது நம் குற்றமே. நேயர்கள் அக்குற்றத்தைச் செய்யாதிருப்பார்களாக.

பல அலகு கோத்த ரேஸர்களைப் பற்றியும் நியாயமாகப் பேசவேண்டும். 1971-இல் இரட்டை அலகு, 1998-இல் மூன்று அலகு, 2006-இல் ஐந்து அலகு என்று அமெரிக்கக் கம்பெனியின் வரிசை நீண்டது. கை நடுங்கும் முதியவர்களுக்கும், அவசரமாக ஆபீசுக்கு ஓடுபவர்களுக்கும், புதிதாகச் சவரம் பழகும் பிள்ளைகளுக்கும் அவை சௌகரியமானவை என்பதை மறுக்கமாட்டோம். ஆனால் ஒரு கம்பெனியின் கைப்பிடியை வாங்கியவன் அதற்குப் பொருந்தும் அலகைப் பெரும்பாலும் அக்கம்பெனியிடமே வாங்கவேண்டும். நூறு ரூபாய்க்குக் குறையாத அலகொன்று பத்துச் சவரம் உழைப்பதாக வைத்துக்கொண்டால், தினம் சவரம் செய்பவனுக்கு வருஷத்திற்கு 3,650 ரூபாய் ஆகிறது. நமது 50 காசுக் கணக்கில் அதே வருஷத்திற்கு 182 ரூபாய் 50 காசு. இந்த வித்தியாசமே நாம் முன்னே சொன்ன சுதந்திரத்தின் மதிப்பு. அந்தக் கம்பெனியாரும் இதை உணராதவர்களல்லர். 2010-இல் இந்தியாவிற்கென்றே ஒற்றை அலகுள்ள 'ஜில்லெட் கார்டு' ரேஸரை 15 ரூபாய்க்கும், அதன் மாற்று அலகை 5 ரூபாய்க்கும் விற்க முன்வந்தார்கள். இருமுகப் பிளேடு என்ற போட்டியாளன் இல்லாவிட்டால் அந்தத் தயவு பிறந்திருக்குமா என்று நேயர்களே யோசிக்கட்டும்.

இனி வீட்டை விட்டுச் சலூனுக்கு வருவோம். இருமுகப் பிளேடின் பெரிய வாடிக்கையாளர்கள் நம்முடைய முடிதிருத்தும் தொழிலாளர்களே. பிளேடை நடுவில் ஒடித்து, பாதியைக் கைக்கத்தியில் மாட்டி, ஓர் ஆளுக்கு ஒரு பாதி என்று உபயோகிக்கிறார்கள். 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டபின் பரவிய விழிப்பினால் இவ்வழக்கம் வலுப்பெற்றது. ரத்தத்தின் வழியாகப் பரவும் மஞ்சட்காமாலைக் கிருமிகள் பிறர் உபயோகித்த கத்தியால் தொற்றக்கூடும் என்பது வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொண்ட உண்மை. ஆனால் கிராமச் சந்தைகளிலும் மரத்தடிகளிலும் ஒரே பாதிப் பிளேடு இரண்டு மூன்று முகங்களைக் கடந்து போவதை நாம் இன்றும் காண்கிறோம். குற்றம் தொழிலாளியின்மேல் மட்டுமன்று. நமது கணக்கிலுள்ள இரண்டு ரூபாய்ப் பிளேடின் பாதி ஒரு ரூபாய். சவரக் கூலியில் அந்த ஒரு ரூபாய்க்கும் பேரம் பேசுகிறவன் தன் உயிரோடு பேரம் பேசுகிறான். புதிய பாதியைக் கண்முன் ஒடிக்கச் சொல்லுங்கள். அதற்குரிய கூலியை முகம் கோணாமல் கொடுங்கள்.

சவரத்தில் மானத்தின் பிரச்னையும் அடங்கியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார முடிவெட்டுபவர் தமக்கு முடிவெட்ட மறுத்ததையும், தாமே கத்திரி வாங்கிக் கண்ணாடி முன் நின்று வெட்டிக்கொண்டதையும் காந்தியடிகள் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் அந்த வெள்ளைக்காரர்மேல் கோபிக்கவில்லை. தீண்டப்படாதார் என்று நாம் ஒதுக்கிவைத்த சகோதரர்களுக்கு நம் நாட்டில் இதே தொழிலை மறுக்கச் செய்தவர்கள் நாமல்லவா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். அரசியல் நிர்ணய சபையில் 1948-இல் இது பற்றிப் பேசிய டாக்டர் அம்பேத்கர், 'கடை' என்ற சொல் அதனுள் நுழைவதை மட்டுமன்றி அங்கே கிடைக்கும் சேவையைப் பெறுவதையும் குறிக்கும் என்று விளக்கினார். சட்டம் அவ்வளவு தெளிவாயிருந்தும், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து இத்தகைய புகார்கள் ஒழிந்தபாடில்லை. பக்கத்து டவுனுக்குப் பஸ் ஏறிப் போய் முடிவெட்டிக்கொள்ளும் நிலை இருக்கும்வரையில், ஒருவன் வீட்டுத் திண்ணையில் இரண்டு ரூபாய்ப் பிளேடால் தானே சவரம் செய்துகொள்வது அவனுக்குச் சிறிய ஆறுதல். ஊரார்க்கோ அது பெரிய வெட்கம். ஊர் ஊராகப் போகும் அரசியல் தொண்டர்கள் மேடை ஏறுமுன் சலூன் வாசலில் நின்று விசாரிக்க வேண்டியது இதுதான்.

கடைசியாக, எறியப்பட்ட பிளேடு. நமக்கு மழுங்கியது குப்பையைக் கையால் பிரிக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கு மழுங்கியதாகாது. வெள்ளக்கல் குப்பைக் கிடங்கிற்குப் போகும் மூட்டைகளில் நம் கவனக் குறைவும் கட்டப்பட்டுப் போகிறது. பழைய டப்பா ஒன்றின் மூடியில் சிறு பிளவு செய்து, பழைய பிளேடுகளை அதிலே போட்டுவைத்து, நிறைந்தபின் ஒட்டித் தனியே கொடுத்தாற் போதும். சலூன்களிலிருந்து இவற்றைத் தனியே திரட்ட மாநகராட்சி ஏற்பாடு செய்வது கடினமன்று. எஃகு மறுபடி உருக்கத்தக்க பொருள். கம்பெனியாரும் இதிலே கை கொடுக்கலாம்.

சுதேசி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை கூறி முடிப்போம். நம் நாட்டிற் செய்தது என்பதற்காக மழுங்கிய பிளேடைப் பொறுத்துக்கொள்வது தேசபக்தியன்று. அது சோம்பேறி முதலாளிக்குக் கொடுக்கும் மான்யம். வெளிநாட்டுப் பெயர் என்பதற்காகப் பத்து மடங்கு கொடுப்பதும் அறிவன்று. உள்நாட்டுப் பிளேடு கணக்கில் வெல்லும்போது அதை வாங்குவோம். தோற்கும்போது காரணத்தைக் கம்பெனிக்கு எழுதுவோம். எஃகின் வகையையும் பூச்சின் வகையையும் பொட்டலத்தில் தமிழிலும் அச்சிட வேண்டுமென்று கேட்போம். நாளைக் காலையில் புதுப் பிளேடு மாட்டும் நேயர்கள் அதன் உறையிலேயே தேதியை எழுதிவைத்து, எத்தனை சவரம் உழைத்தது என்று ஒரு மாதம் எண்ணிப் பார்ப்பார்களாக. அந்தக் கணக்கு யாரைச் சுட்டுகிறதோ, அவருக்கே அடுத்த மாதக் காசு போய்ச் சேரட்டும்.